அடை வைத்த கை

வேம்பங்கொல்லை,
12.02.2022

அன்புத் தம்பி சந்தனத்துக்கு,

அக்கா பிச்சையம்மாள் எழுதுவது. இங்கே நான், மகன், மருமகள் மூன்று பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உனக்குச் சர்க்கரை எப்படி, பிரகதாவின் முழங்கால் எப்படி, ஜனனி வேலைக்குப் போகிறாளா என்று ஒவ்வொன்றாக எழுது. காது மந்தமான பிறகு போன் எனக்கு வெறும் டப்பா. வீட்டில் எல்லோரும் எனக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்கள். உன்னோடு பேசத் தபால்காரரைத்தான் நடக்க விட வேண்டியிருக்கிறது.

உன் மச்சான் போய்ச்சேர்ந்த முப்பதாம் நாள் நீ கூடையில் கொண்டுவந்து விட்ட குட்டைக்கால் கோழிகள், சேவல் ஒன்றும் பெட்டை ஐந்தும், நன்றாக இருக்கின்றன. தரையோடு தரையாக நகர்ந்து திரிகின்றன. வேலி தாண்டுவதில்லை, கடலைக்கொல்லையைக் கிளறுவதில்லை. ஊரில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வருகிறார்கள்.

ஆனால் குஞ்சு பொரிப்பதில்தான் ஏதோ கோளாறு. பதினைந்து முட்டை அடை வைத்தால் நாலு கூமுட்டை. இரண்டாவது தடவையும் நாலு. முப்பது வருஷம் நான் அடை வைத்திருக்கிறேன், ஒன்றுக்கு மேல் வீணாய்ப் போனதில்லை. தாலி இறங்கிய கை அடை வைக்கக் கூடாது என்பதால் இப்போது மருமகள் சுடர்விழிதான் வைக்கிறாள். இரும்புத் துண்டு, கரி, மிளகாய்வற்றல் எல்லாம் கூடையில் போட்டுத்தான் வைக்கிறாள். கோழிக்கு ஏதும் சீக்கா? நீ குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன். உனக்குத் தெரியாமலா இருக்கும்.

பிரகதாவுக்கும் ஜனனிக்கும் என் ஆசிகள்.

அக்கா,
பிச்சையம்மாள்


பல்லடம்,
26.02.2022

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி சந்தனத்தின் வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை மாத்திரையில் அடங்கியிருக்கிறது. பிரகதா மாடிப்படி ஏறுவதில்லை, அவ்வளவுதான். ஜனனிக்கு வருகிற ஆனியில் இருபத்தேழு முடிகிறது. கல்யாணப் பேச்சு எதுவும் அமையவில்லை. அவளுக்கென்று நினைத்திருந்த இடம் கைவிட்டுப் போன பிறகு எனக்கு அலைய மனம் இல்லை. அதை எழுதி உன்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

கோழிகளை நானே பொறுக்கி எடுத்தேன். சேவலுக்கும் சீக்கு இல்லை, பெட்டைக்கும் இல்லை. தீனியை மாற்றாதே. நீ அடை வைத்த காலத்தில் இப்படி நடக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். இப்போது வைப்பது யார் கை என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய். நான் வேறு என்ன சொல்ல.

அடுத்த அடை எப்படிப் பொரிந்தது என்று எழுது. வெயிலில் அலையாதே.

தம்பி,
சந்தனம்


வேம்பங்கொல்லை,
02.05.2022

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற மனசு இன்றைக்கு இல்லை. சுடர்விழிக்கு மூன்றாம் மாசத்தில் கலைந்துவிட்டது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறாள்.

அதோடு போகவில்லை. இன்னும் இரண்டு அடை வைத்தாள். ஒன்றில் மூன்று, ஒன்றில் நாலு, வழக்கம்போலக் கெட்டுப்போயின. பக்கத்து வீட்டு அழகி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "வயித்துலயும் தங்கல, அடையிலயும் தங்கல"ன்னு குழாயடியில் சொல்லிவிட்டாள். எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பக்கத்திலேயே நின்று சொன்னாள். உதடு அசைவதை வைத்துப் பாதியைப் பிடித்துக்கொண்டேன். மீதியை மகன் நிலவழகனிடம் கேட்டுச் சிலேட்டில் எழுதி வாங்கினேன். எழுதும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவளும் சும்மா இல்லை. போன் வெளிச்சத்தில் முட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள், நோட்டுப் போட்டு எழுதுகிறாள். குறை கையில் இல்லையாம், சேவலில் இருக்கிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனாலும் தம்பி, படித்த பிள்ளை, தீர்மானமாகச் சொல்கிறாள். உனக்கு எழுதிக் கேட்கப்போவதாகவும் சொல்கிறாள். நீ என்ன சொல்கிறாயோ அதை நான் கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் அவள் மேல் வன்மம் ஒன்றும் இல்லை. நிலவு கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது உன்னையும் ஜனனியையும் நினைத்து அழுதேன், பிறகு ஏற்றுக்கொண்டேன்.

அக்கா,
பிச்சையம்மாள்


வேம்பங்கொல்லை,
20.05.2022

சித்தப்பாவுக்கு,

சுடர்விழி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் சித்தியும் ஜனனியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்பு தேறிவிட்டது. என் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அதன் காரணம் எனக்குத் தெரியும். அத்தைக்குத் தம்பி என்றால் எனக்குத் தகப்பன் முறை என்ற ஒன்றை நம்பித்தான் எழுதுகிறேன்.

இதுவரை ஐந்து அடை வைத்திருக்கிறேன், மொத்தம் எழுபத்தொரு முட்டை. இரண்டில் கருவே இல்லை. பதினெட்டு முட்டை ஒரே மாதிரி செத்தன. ஐந்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ரத்தம் வளையமாக நிற்கிறது, கரு அசைவதில்லை. மீதி ஐம்பத்தொன்று பொரிந்தன. அதில் முப்பத்து நாலு குட்டைக்கால், பதினேழு நெட்டைக்கால். குட்டைக்கும் குட்டைக்கும் பிறந்ததில் நெட்டை எப்படி வந்தது என்று யோசிக்கும்போதுதான் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. போனிலும் தேடிப் படித்தேன்.

குட்டைக்கால் குணம் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் குஞ்சுக்குக் கால் குட்டையாகிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை. இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால் அந்தக் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டைச் சேவலையும் குட்டைப் பெட்டையையும் சேர்த்தால் நாலில் ஒன்று இப்படிச் சாகும், யார் அடை வைத்தாலும். நெட்டைக்கால் சேவலை விட்டால் இது நின்றுவிடும். நான் புரிந்துகொண்டது சரிதானே சித்தப்பா? உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அழகி அக்காவின் நாட்டுக்கோழி முட்டை பன்னிரண்டையும் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் பொரிந்தன. அது முட்டைக்காரியின் ராசி என்கிறார்கள். ஒரு நெட்டைச் சேவல் வாங்கலாம் என்றேன். நீங்கள் கொடுத்ததை மாற்ற அத்தைக்கு மனசில்லை.

கரு கலைந்தது பலருக்கும் நடப்பதுதான், அடுத்தது தங்கும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் இந்த வீட்டில் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. என் பேச்சு இங்கே எடுபடாது. உங்கள் பேச்சு எடுபடும். அத்தைக்கு இரண்டு வரி எழுதினால் போதும். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சித்தப்பா.

சுடர்விழி


வேம்பங்கொல்லை,
30.06.2022

தம்பிக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகமா? இங்கே மழை இல்லை, கடலை வாடுகிறது. சுடர்விழி உனக்குக் கடுதாசி போட்டு நாற்பது நாள் ஆகிறதாம். தினமும் மத்தியானம் தபால்காரர் சைக்கிள் வருகிற நேரத்துக்கு வாசல் கூட்டுகிறாள். கூட்டின வாசலையே திரும்பக் கூட்டுகிறாள். பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

உள்ளதை எழுது. சேவலில் குறை என்றால் குறை என்று எழுது, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இல்லை என்றால் இல்லை என்று எழுது. இரண்டில் ஒன்று தெரிந்தால் வீடு அமைதியாகும்.

அக்கா


பல்லடம்,
09.07.2022

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். வேலை மும்முரத்தில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். சேவலில் குறை இல்லை. படித்த பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தால் எதற்கும் ஒரு காரணம் எடுத்துவிடுவார்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். அதுபோல, பெற்ற சேவலும் பெட்டையும் தங்கள் குஞ்சைக் கொல்லாது. இங்கே மெஷின் பொரிக்கிறது, அதனால் கையைப் பற்றிய கேள்வியே இல்லை. அங்கே கைதான் பொரிக்கிறது. கைராசி என்று பெரியவர்கள் ஒன்றும் இல்லாமலா சொல்லிவைத்தார்கள்? நம் ஆத்தா விதைத்த கொல்லையையும் அடை வைத்த கூடையையும் நீயும் பார்த்திருக்கிறாய்.

யாரையும் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. வீட்டுக்கு எது நல்லது என்று உனக்குத் தெரியும். நிலவழகன் இன்னும் சின்ன வயசுக்காரன்தான்.

வேளைக்குச் சாப்பிடு.

தம்பி,
சந்தனம்


வேம்பங்கொல்லை,
18.09.2022

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். மற்றதைக் கேட்காதே. சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆவணி கடைசியில் அழகி மகளுக்கு வளைகாப்பு. சுடர்விழி தட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வாசலிலேயே நிறுத்தி, "நீ இங்கிட்டே இரு தாயி, புள்ளத்தாச்சி கையத் தொட வேணாம்"ன்னு சொல்லிவிட்டார்களாம். தட்டோடு திரும்பி வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் கடுதாசியை எடுத்து மகன் முன்னால் சத்தமாகப் படித்தேன். என் சத்தம் எனக்குக் கேட்காது இல்லையா, தெருவே கேட்டிருக்கும்.

அவள் சிலேட்டை எடுத்து எழுதினாள்: "நான் எழுதினதப் பத்தி அதுல ஏதாச்சும் இருக்கா அத்தை?" இல்லை என்றேன். கடுதாசியை வாங்கி அவளும் ஒரு தடவை படித்தாள். படித்துவிட்டு மடித்த மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தாள். நிலவழகன், "மாமாவே சொல்லிட்டாங்கள்ல"ன்னு சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஆலங்குடிக் கடைக்குப் போய்விட்டான். பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்கு அந்த ஒரு பேச்சுதான் கிடைத்தது.

கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்று நான்தான் சொன்னேன். கொஞ்ச நாள் என்றுதான் சொன்னேன். அவள் எல்லாத் துணியையும் எடுத்துக்கொண்டாள். பஸ் ஏற்றிவிட யாரும் போகவில்லை.

கோழியை இனி அடை வைக்கப்போவதில்லை. முட்டையைக் கடைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா


வேம்பங்கொல்லை,
28.04.2024

அன்புத் தம்பிக்கு,

ஒன்றரை வருஷம் நாம் சேர்ந்தாற்போல நாலு வரி எழுதிக்கொள்ளவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் கார்டு போட்டதோடு சரி. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும். எனக்கு ஒரு கண்ணில் புரை, மற்றபடி நடமாட்டம் உண்டு.

போன வாரம் கோர்ட்டில் தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பிள்ளை நகை, பாத்திரம் எதுவும் கேட்கவில்லை. நிலவு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஜனனிக்கு இன்னும் அமையவில்லை என்றால், எங்கள் வீட்டுக்குக் கொடுப்பாயா? முதலிலேயே நடந்திருக்க வேண்டியது. இரண்டாந்தாரம் என்று நீ யோசித்தால் அது நியாயம். மாட்டேன் என்றாலும் தம்பி தம்பிதான். நான் கோபப்பட மாட்டேன்.

அக்கா,
பிச்சையம்மாள்


பல்லடம்,
06.05.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரகதாவிடம் படித்துக் காட்டினேன். அழுதாள். சந்தோஷத்தில்தான். ஜனனியும் சம்மதித்துவிட்டாள். முதல் கல்யாணம் ஒத்துவராமல் பிரிந்துவிட்டார்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். பழைய கதைகளை நீயும் அவளிடம் பேச வேண்டாம். வீட்டுக்கு வருகிற பெண் நிம்மதியாக வரட்டும். ஆனியில் நாள் பார்.

இன்னொரு காரியம். அடுத்த வாரம் லாரியில் ஒரு நெட்டைக்கால் சேவல் அனுப்புகிறேன். அது வந்ததும் அந்தக் குட்டைச் சேவலை அறுத்துவிடு. அதற்குப் பிறந்த குட்டைக்கால் சேவல்குஞ்சு எது நின்றாலும் விற்றுவிடு, ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரே ரத்தம் ரொம்ப நாள் இருந்தால் கோழி மெலியும், வேறொன்றும் இல்லை. பழைய சேவல் போன பிறகு ஒரு மாசம் முழுசாகப் போக வேண்டும். அதற்குள் இட்ட முட்டையை அடைக்குச் சேர்க்காதே, சமைத்துவிடு. இதில் மட்டும் பிசகக் கூடாது.

ஜனனி வந்ததும் அவள் கையாலேயே முதல் அடை வை.

கண்ணைப் புதுக்கோட்டையில் காட்டு. தள்ளிப்போடாதே.

தம்பி,
சந்தனம்


வேம்பங்கொல்லை,
25.08.2024

அன்புத் தம்பி சந்தனத்துக்கு,

எல்லோரும் சுகம், சுகத்துக்கும் மேலே. கண்ணில் புரை எடுத்தாயிற்று. முதலில் நான் பார்த்த நல்ல காட்சியை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன். ஜனனி பதினைந்து முட்டை அடை வைத்தாள். பதினைந்தும் பொரிந்தன தம்பி. ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. அதில் ஏழு நெட்டைக்கால், போனால் போகிறது.

தெருவே வந்து கூடையை எட்டிப் பார்த்தது. அழகி, "இந்தக் கைய எங்க வீட்டுக்கும் ஒரு நாளைக்கு அனுப்புங்க"ன்னு சிலேட்டில் எழுதிக் கேட்கிறாள். வருகிற கார்த்திகைப் பட்டத்துக்கு முதல் கடலைவிதை ஜனனிதான் போடவேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். நிலவுகூட இப்போது சாப்பிடும்போது சிரிக்கிறான். நீ அன்றைக்கு எழுதியது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா,
பிச்சையம்மாள்


வேம்பங்கொல்லை,
20.01.2025

தம்பிக்கு,

ஜனனி நலம். அஞ்சாம் மாசம் நடக்கிறது. ஸ்கேன் பார்த்ததில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயப்படாதே.

பொங்கலுக்கு முந்தின நாள் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் சுடர்விழியைப் பார்த்தேன். மருந்துக்கடையில் பில் போடுகிறாளாம். இளைத்துக் கறுத்திருந்தாள். விலகிப் போவாள் என்று நினைத்தேன். கிட்ட வந்து என் பையை வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரியாதபோது வாய் கண்டதைப் பேசும். என் வீம்பும் சேர்ந்துகொண்டது. "எங்க ஜனனி பதினஞ்சு வச்சா, பதினஞ்சும் பொரிச்சுச்சு"ன்னு சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு பில்லைத் திருப்பி எழுதிக் காட்டினாள்: "சேவலை மாத்தினீங்களா அத்தை?"

ஆமாம், உன் சித்தப்பாதான் அனுப்பினார் என்றேன். எப்போது அனுப்பினார் என்று எழுதிக் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் என்றேன். பிறகு என்னை பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, பையை மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, சேவலுக்கும் கூமுட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று ஜனனியிடம் கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அவள் சிலேட்டில் நாலு கட்டம் போட்டு, ஒன்றை அடித்துக் காட்டினாள். "இது உள்ளயே செத்துரும் அத்தை. குட்டைக்குக் குட்டை சேக்கவே கூடாது. நான் ஏழாவது படிக்கறப்பயே அப்பா சொல்லிக் குடுத்தாங்க"ன்னு எழுதினாள். பிள்ளை சிரித்துக்கொண்டே எழுதினாள்.

ஏழாவது படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கு நீ எழுதவில்லை. ஒரு மாசம் விட்டு முட்டை சேர்க்கச் சொல்லத் தெரிந்த உனக்கு, அன்றைக்கு இரண்டு வரி எழுதக் கை வரவில்லை. கைராசி என்று எழுத மட்டும் வந்தது. அதை நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தேன். உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன் தம்பி. நம் ஆத்தா பெயரைச் சொல்லித் திட்டினேன். எழுதி முடிக்கிறபோது ஜனனி பால் கொண்டுவந்து வைத்தாள். வயிறு லேசாகத் தெரிகிறது. அந்த நாலு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன்.

நிலவுக்குத் தெரிந்தால் இந்த வீடு நிற்காது. அவன் சட்டைப்பையில் இன்னும் அவளுடைய போட்டோ இருக்கிறது. துவைக்கும்போது நானே எடுத்து வைத்துவிட்டுத் திரும்பச் செருகுகிறேன். அதனால் நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. தெருவில் போய் அவள் கையில் குறை இல்லை என்றும் சொல்லப்போவதில்லை. நீ தெரிந்து செய்தாய். இனி நானும் தெரிந்தே செய்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாவம் நான் அப்போதுகூடச் செய்யவில்லை.

வருகிற ஞாயிறு ஜனனிக்கு வளைகாப்பு. பிரகதாவைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடு. வரும்போது என் முகத்தைப் பார்த்து எதுவும் பேசாதே. எனக்குக் காது கேட்காது என்பது நமக்கு வசதி.

சுடர்விழி உனக்கு எழுதின கடுதாசி உன்னிடம் இருக்கும். இருந்தால் இன்றைக்கே எரித்துவிடு. இதையும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பிச்சையம்மாள்